குற்றவாளியை முதல்லயே முடிவு பண்ணிடு, தம்பி

மெஷின் மெதுவா ஓடுதுன்னு யாராவது குறை சொன்னா, தம்பி, நீ ஒண்ணும் பதற வேண்டாம். முதல்ல ஒரு குற்றவாளியை முடிவு பண்ணிடு. டிஸ்க்குன்னு சொல்லலாம். நெட்வொர்க்னு சொல்லலாம். போன மாசம் வேலையை விட்டுப் போனானே ஒருத்தன், அவன் எழுதின கோடுன்னு சொல்லலாம். மூணாவதுதான் ரொம்ப விசேஷம். மறுத்துப் பேச ஆள் இருக்காது. முடிவு பண்ணினதும் ஒரு மீட்டிங் போடு. யாருக்குச் சம்பளம் அதிகமோ, அவர் வாயில வந்ததுதான் காரணம்னு மினிட்ஸ்ல எழுது. அப்படியும் வேகம் வரலைன்னா இன்னும் நாலு சர்வர் வாங்கச் சொல்லு. கம்பெனிக் காசுதானே, உனக்கென்ன போச்சு?

நான் மன்னார்குடிப் பக்கத்துக் காட்டான். கம்ப்யூட்டர் ரூம்ல பல வருஷம் குப்பை கொட்டிட்டு, இப்ப லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா பெஞ்சுல உக்காந்து ஊர்வம்பு கேக்கறவன். சாயங்காலம் நடக்க வர்ற பிள்ளைங்க, மந்தைவெளியில பறக்கும் ரயில் ஏறி, திருவான்மியூர்ல இறங்கி, டைடல் பார்க் பக்கம் வேலை பாக்கற கூட்டம். காதுல ஒண்ணை மாட்டிக்கிட்டு, ‘லேட்டன்சி ஏறிடுச்சு’, ‘ஓ.எஸ்.டி. நூறு பர்சன்ட் போகுது’ன்னு ஊருக்கே கேக்கறாப்ல பேசிக்கிட்டுச் சுத்தி வரும். அதுல ஒருத்தன் பக்கத்துல வந்து உக்காந்தான். “தாத்தா, எங்க ஸ்டோரேஜ் சாஃப்ட்வேருக்கு சி.பி.யு. ப்ரொஃபைல் எடுக்கணுமாம். எங்க ஆரம்பிக்கிறதுன்னே புரியலை.” “எதுக்குப்பா அந்த வீண் வேலை? உங்க மேனேஜருக்குத் தெரியாததா?”ன்னேன். முறைச்சான். முறைக்கிற பிள்ளைதான் தேறும். அதனால சொல்றேன், நீயும் கேட்டுக்கோ.

உங்க சரக்கு என்னன்னு பார்ப்போம். ஒரு பெரிய ஃபைலைத் துண்டு துண்டா நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் மூணு நகல் எடுத்து, வேற வேற மெஷின்ல போட்டு வைக்கறீங்க. செஃப்னு ஒரு மென்பொருள். சேஜ் வெய்ல்னு ஒருத்தர் கலிஃபோர்னியா சாண்டா குரூஸ்ல ஆராய்ச்சி மாணவரா இருந்தப்ப எழுத ஆரம்பிச்சது, 2006-ல கட்டுரையா வந்தது. அதுல ஒரு எழுத்து வேலை முடிஞ்சதுன்னு சொல்லணும்னா மூணு நகலும் எழுதியாச்சுன்னு தலையாட்டணும். ஒண்ணு தூங்கினா மத்த ரெண்டும் முழிச்சிருந்து புண்ணியம் இல்லை. அதனாலதான் உங்க தொழில்ல பழி போடறது இவ்வளவு சுலபம். இருக்கற அத்தனை மெஷின்ல எதை வேணும்னாலும் கைகாட்டலாம். ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். உங்களுக்கு மேடையே அம்பது!

இதுல நம்ம ஊர்க்காரர் கையும் உண்டு, தெரியுமோ? சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல படிச்ச ஆனந்த் பாபு பெரியசாமி. அமெரிக்காவுல ‘தண்டர்’னு ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் கட்டின குழுவுல இருந்தார், 2004 ஜூன் பட்டியல்ல அது உலகத்துலயே ரெண்டாவது. அதுக்கப்புறம் கிளஸ்டர்னு ஒரு ஸ்டோரேஜ் மென்பொருளை ஆரம்பிச்சு, அதை 2011-ல ரெட் ஹேட் 136 மில்லியன் டாலருக்கு வாங்கிச்சு. பிறகு மினியோன்னு இன்னொண்ணு. அந்த கிளஸ்டர்ல ‘வால்யூம் ப்ரொஃபைல்’னு ஒரு கட்டளை வச்சிருக்காங்க. ஸ்டார்ட் போட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, இன்ஃபோன்னு கேட்டா, ஒவ்வொரு டிஸ்க்குப் பகுதியிலயும் படிச்சது எத்தனை, எழுதினது எத்தனை, வெறும் பேர் தேடினது எத்தனை, ஒவ்வொண்ணுக்கும் சராசரி எவ்வளவு நேரம்னு கணக்கு வந்து விழும். இது சி.பி.யு. கணக்கு இல்லை. ஆனா அதுக்கு முன்னாடி பாக்க வேண்டிய கணக்கு. நீ எழுத்து வேகத்தைக் கூட்டணும்னு ராத்திரி கண் முழிச்சுக்கிட்டு இருப்பே. அங்க பாத்தா பாதி நேரம் பேர் தேடறதுலயே போயிருக்கும்.

ஆகவே முதல் கேள்வி, சி.பி.யு.தான் குற்றவாளியா? இதைக் கேக்காமலே ப்ரொஃபைல் எடுக்கறவங்கதான் அதிகம். அவங்களைக் குறை சொல்லாதே, சுறுசுறுப்பானவங்க. டாப் கட்டளையில ஹெச் போட்டு, த்ரெட் த்ரெட்டாப் பாரு. செஃப்ல ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு ஓ.எஸ்.டி. ப்ராசஸ், அதுக்குள்ள வேலை செய்யற த்ரெட்டுக்கு ஒரு பேரு, நெட்வொர்க்ல சேதி வாங்கற ‘மெசெஞ்சர் வொர்க்கர்’க்கு ஒரு பேரு, டிஸ்க்கு நிஜமா எழுதி முடிச்சதை உறுதி பண்றதுக்கு ஒண்ணு. மொத்த சி.பி.யு. பாத்தா இருபது சதவீதம்னு காட்டும், எல்லாரும் நிம்மதியா காப்பி குடிக்கப் போவீங்க. உள்ள ஒரே ஒரு த்ரெட் நூறுல நின்னு மூச்சு முட்டிக்கிட்டு இருக்கும். அப்படி இருந்தா ப்ரொஃபைல் எடு. எல்லா த்ரெட்டும் சும்மா காத்துக்கிட்டு இருந்தா, சி.பி.யு. ப்ரொஃபைல்ல ஒண்ணும் சிக்காது. தூங்கறவனை அது படமே பிடிக்காது. அதுக்கு வேற வழி; எங்க, எதுக்காகக் காத்திருக்குன்னு பாக்கற கருவிங்க தனியா இருக்கு.

ப்ரொஃபைலர்னா ஏதோ மாயமந்திரம்னு நினைக்காதே. எங்க ஊர்ல நடவு நேரத்துல கங்காணி ஒருத்தர் இருப்பார். நாள் முழுக்க வரப்புல நிக்க மாட்டார். நின்னா அவருக்குக் காலு வலிக்கும், வேலை செய்யறவங்களுக்குக் கை ஓடாது. நினைச்ச நேரத்துல வந்து எட்டிப் பார்ப்பார். யாரு குனிஞ்சிருக்கா, யாரு வெத்தலை மடிக்கிறா, ஒரு பார்வை, மனசுல ஒரு கோடு. நூறு தடவை எட்டிப் பார்த்ததுல அறுபது தடவை ஒருத்தன் வாய்க்கால்லயே நின்னான்னா, அவன் பொழுதுல அறுபது பங்கு வாய்க்கால்ல போகுதுன்னு அர்த்தம். லினக்ஸ்ல பெர்ஃப்னு 2009-ல வந்த கருவி செய்யறது இவ்வளவுதான். ஓடற ப்ராசஸை எட்டிப் பாத்து, இந்த நிமிஷம் எந்த ஃபங்ஷன்ல இருக்கேன்னு கேட்டு எழுதிக்கும்.

எத்தனை தடவை எட்டிப் பாக்கறது? நொடிக்கு 99. ஏன் நூறு இல்லைன்னு கேளு. கங்காணி தினம் சரியாப் பத்து மணிக்கே வந்தா என்ன ஆகும்? பத்து மணிக்கு மட்டும் ஊரே குனிஞ்சிருக்கும். மெஷினுக்குள்ளயும் முழு எண்ணுல அடிக்கிற டைமர் வேலைங்க நிறைய. அதோட தாளம் சேர்ந்துடக் கூடாதுன்னு ஒண்ணைக் குறைச்சு வச்சாங்க. மினியோவை எழுதின கோ மொழியில இருக்கற ப்ரொஃபைலர் நூறுதான் வச்சிருக்கு, அதுவும் ஓடத்தான் செய்யுது. பெர்ஃப் ரெக்கார்டுன்னு அடிச்சு, எஃப் 99, ஜி, பி போட்டு ஓ.எஸ்.டி.யோட ப்ராசஸ் எண், கடைசியில ஸ்லீப் 30. அவ்வளவுதான் கட்டளை. முழுநேரமும் ஓடற ஒரு த்ரெட்டுக்கு முப்பது நொடியில கிட்டத்தட்ட 2,970 பார்வை கிடைக்கும். அதுல முப்பது தடவை கண்ணுல பட்ட ஃபங்ஷன் ஒரு சதவீதம். மூணு தடவை பட்டதை வச்சு மகாபாரதம் எழுதாதே.

அந்த ‘ஜி’யை மறந்துடாதே, அதுலதான் சூட்சுமம். வாய்க்கால்ல நிக்கிறவனைப் பாத்ததும் கங்காணி திட்ட மாட்டார். “உன்னை யாரு இங்க அனுப்பினா?”ன்னு கேட்பார். அவரை யாரு அனுப்பினான்னு அடுத்தாப்ல கேட்பார். ப்ரொஃபைல்ல முதல் இடத்துல எப்பவும் ‘மெம்காப்பி’ன்னோ ‘மாலக்’னோதான் வந்து நிக்கும். நினைவகத்துல நகல் எடுக்கறது ஒண்ணு, இடம் பிடிக்கறது ஒண்ணு. உடனே ஒரு புத்திசாலி, ‘மெம்காப்பியை நானே வேகமா எழுதறேன்’னு கிளம்புவான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? ஒரே தகவலை நாலு தடவை நகலெடுக்கச் சொன்ன மகராசன் மேல எங்கேயோ உக்காந்திருப்பான். சங்கிலியைப் பிடிச்சு ஏறினாத்தான் அவன் அகப்படுவான்.

சங்கிலி பிடிக்கறதுலதான் உங்க கம்பைலர் குசும்பு பண்ணும். ஒரு ரெஜிஸ்டரை மிச்சம் பிடிக்கறேன்னு ஃபிரேம் பாயின்டரைத் தூக்கிடும். அப்புறம் யாரு அனுப்பினான்னு கேட்டா ‘அன்னோன்’னு கையை விரிக்கும். இந்தச் சிக்கனத்தைப் பல வருஷம் கொண்டாடிட்டு, 2023-ல ஃபெடோரா 38-லயும் 2024-ல உபுண்டு 24.04-லயும் திரும்ப ஃபிரேம் பாயின்டரோடவே பொதி கட்ட ஆரம்பிச்சாங்க. உன்கிட்ட இருக்கறது பழசுன்னா, டுவார்ஃப் முறையில சங்கிலி எடுக்கலாம். ஆனா அது ஒவ்வொரு பார்வைக்கும் ஸ்டாக்ல 8 கிலோபைட்டை அப்படியே அள்ளிக்கும். நிறைய த்ரெட் ஓடற ஓ.எஸ்.டி.யில நிறைய நேரம் ஓடவிட்டேன்னா, ஸ்டோரேஜ் ஏன் மெதுவா இருக்குன்னு கண்டுபிடிக்கப் போய் நீயே டிஸ்க்கை நிரப்பி வைப்பே. அதையும் மேனேஜர்கிட்ட ‘லோடு டெஸ்ட்’னு சொல்லிக்கலாம், தப்பில்லை.

அடுத்தது டீபக் சிம்பல். அந்தப் பொதியைப் போடாம ப்ரொஃபைல் எடுத்தா, ஃபங்ஷன் பேர் வர்ற இடத்துல வெறும் எண்ணா வந்து நிக்கும். அதை அச்சடிச்சு மீட்டிங்ல வச்சா பெரிய ஆள் மாதிரி இருக்கும், ஆனா யாருக்கும் ஒண்ணும் விளங்காது. ஓ.எஸ்.டி. கன்டெய்னருக்குள்ள ஓடினா, சிம்பலும் அந்தக் கன்டெய்னர்ல இருக்கற அதே பதிப்புக்கு உரியதா இருக்கணும். பதிப்பு மாறினா பொய்ப்பேர் வரும். எண்ணை விடப் பொய்ப்பேர் ஆபத்து. அனுமதியும் பாரு. லினக்ஸ்ல ‘பெர்ஃப் ஈவன்ட் பாரனாய்டு’ன்னு ஒரு அமைப்பு. அது ரெண்டோ அதுக்கு மேலயோ இருந்தா சாதாரண யூசருக்கு கெர்னல் பக்கம் கண்ணைக் கட்டிடும். கெர்னல்தான் குற்றவாளின்னா, கண்ணைக் கட்டிக்கிட்டு நீ அவனை எங்க தேடுவே?

இன்னொண்ணு, பழைய குறிப்பை நம்பி இறங்காதே. செஃப் ஆவணத்துல சி.பி.யு. ப்ரொஃபைல்னு தேடினா, ஓப்ரொஃபைல்னு ஒரு கருவிக்கு ‘ஓப்கன்ட்ரோல்’னு ஆரம்பிக்கற கட்டளைங்க வரிசையா இருக்கும். நல்ல கருவிதான், ஒரு காலத்துல. ஆனா அந்த ஓப்கன்ட்ரோலை 2014-ல வந்த ஓப்ரொஃபைல் 1.0-லயே தூக்கிட்டாங்க. கெர்னலுக்குள்ள இருந்த அதோட பகுதியும் 2021-ல லினக்ஸ் 5.12-ல போச்சு. நீ அந்தக் கட்டளையை அடிச்சு, ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ பாத்து, அரை நாள் அதை நிறுவப் பாடுபட்டு, கடைசியில டிக்கெட்ல ‘இன் ப்ராகிரஸ்’னு போடலாம். உழைப்புக்கு உழைப்பு, பலனுக்குப் பூஜ்யம்.

எந்த மெஷின்ல எடுக்கறதுன்னு கேட்டான் அந்தப் பையன். “உன் லேப்டாப்லதான், ஏ.சி. நல்லா இருக்கும்”னேன். விளங்கிக்கிட்டான். மெதுவா இருக்கற ஓ.எஸ்.டி. ஒண்ணு, ஒழுங்கா இருக்கற ஓ.எஸ்.டி. ஒண்ணு, ரெண்டுலயும் ஒரே நேரத்துல, ஒரே சுமை ஓடும்போது எடு. தனியா ஒண்ணை மட்டும் பாத்தா, எது வழக்கம் எது வியாதின்னு தெரியாது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, வித்தியாசம் தானா வாயைத் திறக்கும். கூட்டம் இல்லாத ராத்திரியில எடுத்துட்டு, ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ன்னு அறிக்கை குடுக்காதே. அது ஞாயித்துக்கிழமை விடியக்காலையில தி.நகர் ரங்கநாதன் தெருவைப் படம் எடுத்து, ‘இங்க நெரிசலே கிடையாது’ன்னு மாநகராட்சிக்கு மனுப் போடறவன் பண்ற வேலை.

பாத்தா என்ன கிடைக்கும்னு ஒரு நிஜக் கதை சொல்றேன். 2024 ஜனவரியில செஃப் உலகத்துல மார்க் நெல்சன்னு ஒருத்தர் எழுதினார். ஒரு வாடிக்கையாளர்கிட்ட 68 சர்வர், ஒவ்வொண்ணுலயும் பத்து என்.வி.எம்.இ. டிஸ்க். எல்லாம் புத்தம் புதுசு. ஆனா வேகம் வர வேண்டிய அளவுக்கு வரலை, அதுவும் ஒரு நேரம் போல ஒரு நேரம் இல்லை. முதல்ல சி.பி.யு. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தூங்கித் தூங்கி விழறதைத் தடுத்தாங்க. பத்து, இருபது சதவீதம் கூடிச்சு. அடுத்து பெர்ஃப் போட்டுப் பார்த்தா, கெர்னல் ஒரு பூட்டு முன்னாடி வரிசையில நின்னு நேரத்தைத் தின்னுக்கிட்டு இருந்தது. ஐ.ஓ.எம்.எம்.யு.ன்னு ஒரு அமைப்பு, டிஸ்க்கு நினைவகத்தைத் தொடற ஒவ்வொரு தடவையும் கணக்கெழுதற இடம். அதை அணைச்சாங்க. அதுக்குன்னு நீயும் போய் அணைச்சுடாதே, அது ஒரு பாதுகாப்பு வேலி. அங்க யோசிச்சுத்தான் அணைச்சாங்க.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. செஃப் உள்ள ராக்ஸ் டி.பி.ன்னு ஒரு சின்ன தரவுத்தளம் ஓடும். டெபியன், உபுண்டு பொதிகள்ல அதைக் கட்டினப்ப கம்பைலருக்கு ‘வேகமாக்கு’ன்னு சொல்ற கொடியே விட்டுப்போயிருந்தது! கோடு சரி, டிஸ்க் சரி, நெட்வொர்க் சரி. கட்டினவிதம் கோணல். அதைச் சரி பண்ணினதும் ராக்ஸ் டி.பி. பழையதை ஒழுங்குபண்ற வேலை மூணுல ஒரு பங்கு நேரத்துக்குச் சுருங்கிச்சு, சின்னச் சின்ன எழுத்து வேலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆச்சு. கடைசியில 63 சர்வர், 630 ஓ.எஸ்.டி. வச்சு, படிக்கிற வேகம் நொடிக்கு 1,025 கிபிபைட் (GiB) தொட்டாங்க. இப்ப நீ சொல்லு, எந்த மீட்டிங்ல, எந்த மேதாவி, ‘பொதி கட்டினப்ப கொடி விட்டுப்போயிருக்கும்’னு முதல் நாளே சொல்லியிருப்பான்?

எல்லா நேரமும் இப்படி ஒரே கழுத்து சிக்காது, அதையும் சொல்லிடறேன். ரங்கநாதன்னா உனக்கு அந்தத் தெருதான் ஞாபகம் வரும். எனக்கு பார்த்தசாரதி ரங்கநாதன் ஞாபகம் வரும். அடையாறு பக்கம் ஐ.ஐ.டி.யில படிச்சுட்டுப் போய், இப்ப கூகுள்ல இருக்கார். 2015-ல அவரும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை போட்டாங்க. இருபதாயிரத்துக்கு மேல கூகுள் மெஷினை மூணு வருஷம் எட்டிப் பாத்துக்கிட்டே இருந்த கணக்கு. தனியா ஒரு பெரிய குற்றவாளி இல்லை. தகவலைச் சுருக்கறது, மடிச்சு அனுப்பறது, ஹாஷ் போடறது, நினைவகம் பிடிக்கறது, அங்கேருந்து இங்க நகர்த்தறதுன்னு சில்லறை வேலைங்களே கிட்டத்தட்ட முப்பது சதவீதம் சி.பி.யு.வைத் தின்னுது. அதுக்கு ‘டேட்டா சென்டர் வரி’ன்னே பேர் வச்சாங்க. உங்க ஸ்டோரேஜ்லயும் அப்படித்தான். ‘செக்சம்’ கொஞ்சம், நகல் கொஞ்சம், மாலக் கொஞ்சம். செஃப்காரங்க 2015 வாக்குல டி.சி.மாலக்னு ஒரு நூலகத்துல மாட்டினாங்க. த்ரெட்டுங்களுக்கான சேமிப்பு மொத்தமா 32 மெகாபைட்னு வச்சிருந்ததை 128 ஆக்கினா சின்ன வேலைங்க பறக்குது. ஆனா அந்த நூலகத்தோட பழைய பதிப்பு நீ எழுதின அளவைக் கண்டுக்கவே இல்லை. எழுதி வச்சவங்க எல்லாம் ‘நாங்கதான் கூட்டிட்டோமே’ன்னு சத்தியம் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. ப்ரொஃபைல் மட்டும் இல்லைன்னது.

இங்கதான் உன் ஆசைக்கு ஒரு கடிவாளம். நாலு சதவீதம் தின்னுற ஃபங்ஷனை வேரோட பிடுங்கினாலும் உனக்கு மிச்சம் நாலு சதவீதம்தான். அம்தால்னு ஒருத்தர் 1967-லயே இந்தக் கணக்கைச் சொல்லியாச்சு. ஆனா அழகான ஃபங்ஷன்னா விட மனசு வராது, அதுக்கு ரெண்டு வாரம் பூஜை நடக்கும். க்னூத்னு ஒருத்தர் 1971-ல ஃபோர்ட்ரான் நிரல்களை அலசிட்டு, நாலு சதவீதத்துக்கும் குறைவான கோடுதான் பாதிக்கு மேல நேரத்தை எடுத்துக்குதுன்னார். அந்தக் கோடு எதுன்னு பாக்காம, மிச்சம் 96-ஐத் தேய்ச்சுப் பளபளப்பாக்கறதுதான் நம்ம வழக்கம். 1973-ல ஐ.ஐ.டி.யில ஐ.பி.எம். 370 வந்த காலத்துல அட்டையைக் குடுத்துட்டுக் காத்திருக்கணும், சி.பி.யு. நேரத்துக்கு நொடிக் கணக்கு. நொடிக்குக் கணக்கு வச்சா எல்லாரும் அளந்துதான் பேசுவாங்க. இப்ப கிளவுட் பில் யாரோ கட்டறான், உங்களுக்கு வாய் நீண்டுபோச்சு.

ஒரு மாத்தம் பண்ணு, திரும்ப எடு, பழையதோட வை. ரெண்டு மாத்தத்தை ஒண்ணாப் பண்ணினா, எது வேலை செஞ்சதுன்னு தெரியாது; ரெண்டுக்குமே நீயே பாராட்டு வாங்கிக்கலாம், அது வேற. நல்லா ஓடற நாள்லயும் ஒண்ணு எடுத்துப் பத்திரமா வை. காய்ச்சல் வந்தப்புறம் ‘சாதாரணமா எவ்வளவு இருக்கும்’னு யாரைப் போய்க் கேப்பே?

கடைசியா, ஃபிளேம் கிராஃப். பிரெண்டன் கிரெக் 2011-ல கொண்டுவந்த படம். பெட்டி மேல பெட்டி. கீழே இருக்கறது அனுப்பினவன், மேலே இருக்கறது போனவன். உயரத்தைப் பாத்து மலைக்காதே, அகலம்தான் நேரம். இடமிருந்து வலம் காலம் ஓடுதுன்னும் நினைச்சுடாதே, அது வெறும் அகரவரிசை. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள்னு வர்ற நிறத்துக்கு வழக்கமா எந்த அர்த்தமும் கிடையாது, கண்டபடி பூசினது. ஆனா இதை மீட்டிங்ல முந்திக்கிட்டுச் சொல்லித் தொலைக்காதே. மேனேஜர் ஒரு சிவப்புப் பெட்டியைக் காட்டி, ‘நான் அப்பவே சொன்னேன்ல’ன்னு ஆரம்பிப்பார். ஆமாம் சார்னு தலையாட்டிட்டு, அகலமான பெட்டிக்கு மெள்ள விரலைக் கொண்டுபோ.

அதுக்கு முன்னாடி, தனியா இருக்கறப்ப, அந்த அகலமான ஃபங்ஷனைக் கடைசியா யாரு மாத்தினாங்கன்னு ஒரு தடவை ‘கிட் பிளேம்’ போட்டுப் பாத்துடு. வேலையை விட்டுப் போனவன் பேர் வந்தா அதிர்ஷ்டம். மேனேஜர் பேர் வந்தா, ‘அந்தக் காலத்துல இதுதான் சரியான வழி’ன்னு பேச்சைத் தொடங்கு. உன் பேரே வந்தா, தம்பி, அவசரப்படாதே. முதல்ல சரி பண்ணு, திரும்ப ப்ரொஃபைல் எடு, ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டு. அப்புறம்தான் மீட்டிங் போடு.